புரூக்ளின் மியூசியத்தின் இலவசக் கரீபிய மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கில் உள்ள புரூக்ளின் மியூசியம் 1998 அக்டோபரிலிருந்து, ஆண்டின் பெரும்பாலான மாதங்களில், முதல் சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கருப்பொருள் வைத்து இசை, நடனம், பட்டறை, உரை என்று நிகழ்ச்சி அமைப்பார்கள். கோடைக்காலத்தில் அந்தக் கருப்பொருள் பலமுறை கரீபியப் பண்பாடாக இருந்திருக்கிறது. அந்த மாலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன். பாட்டையும் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடாமல், மாடி ஏறி ஓவியங்களையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உண்மையிலேயே இலவசமா? ஏதாவது வாங்கச் சொல்வார்களா?

நுழைவு இலவசம்தான். மற்ற நாட்களில் பெரியவர்களுக்கு டிக்கெட் உண்டு. இந்த மாலையில் கிடையாது. சாப்பாடும் பானங்களும் காசுக்குத்தான். சில சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனி டிக்கெட் கேட்பதும் உண்டு. வழக்கமான நேரம் மாலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை. அந்தந்த மாதத்தின் நேரத்தையும் நிகழ்ச்சி நிரலையும் மியூசியத்தின் இணையதளத்தில் பார்த்து, முன்பதிவு இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

எந்த மாதம் கரீபிய மாலை வரும்?

நிலையான தேதி இல்லை. ஜூனிலும் ஆகஸ்டிலும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருங்கள். 2006-லிருந்து அமெரிக்காவில் ஜூன் மாதம் கரீபிய அமெரிக்கர்களின் மரபைக் கொண்டாடும் மாதம். ஆகஸ்டுக்கு இன்னும் ஆழமான காரணம் இருக்கிறது. பிரிட்டனின் கரீபியத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1 அன்று. அதற்குப் பிறகும் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் கூலியில்லா உழைப்பு தொடர்ந்து, 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் முழு விடுதலை வந்தது. ஜமைக்கா சுதந்திர நாடானது 1962 ஆகஸ்ட் 6 அன்று, டிரினிடாடும் டொபேகோவும் அதே மாதம் 31 அன்று. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமையில் பெரிய பெரிய கொடிகளோடு ஆட்கள் வருவதைப் பார்த்தால், இந்தத் தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மன்ஹாட்டனில் இத்தனை மியூசியம் இருக்கும்போது, இதற்கு ஏன் புரூக்ளின் வர வேண்டும்?

கரீபியர்கள் வாழும் தெரு இதுதான். மியூசியம் நிற்பது ஈஸ்டர்ன் பார்க்வே சாலையில். கிழக்கே நடந்தால் கிரவுன் ஹைட்ஸ், தெற்கே போனால் ஃபிளாட்புஷ். ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், ஹைட்டி, கயானா, கிரெனடா எனப் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் பகுதிகள் இவை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம் 1924-ல் புரூக்ளினில் பிறந்தவர். அவருடைய அம்மா பார்படோஸைச் சேர்ந்தவர், அப்பா கயானாவில் பிறந்தவர். சின்ன வயதில் சில ஆண்டுகள் பார்படோஸில் பாட்டி வீட்டில் வளர்ந்தார்.

செப்டம்பர் முதல் திங்கள், அமெரிக்காவின் தொழிலாளர் தினத்தன்று, இந்த மியூசியத்தின் வாசல் வழியாகத்தான் கார்னிவல் ஊர்வலம் போகும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவார்கள். டிரினிடாடில் கார்னிவல் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்துக்கு முன்னால் வருகிறது. நியூயார்க்கின் பிப்ரவரிக் குளிரில் இறகும் மணியும் கட்டிக்கொண்டு தெருவில் ஆட முடியுமா? 1920-களில் மன்ஹாட்டனின் ஹார்லெம் பகுதியில் குடியேறிய டிரினிடாட்காரர்கள் முதலில் மண்டபங்களுக்குள் ஆடினார்கள். 1947-ல் லெனாக்ஸ் அவென்யூவில் ஊர்வலம் போக அனுமதி கிடைத்தது. குளிரைத் தவிர்க்க, கோடையின் கடைசிக்கு நாளை மாற்றிக்கொண்டார்கள். 1960-களில் அந்த அனுமதி பறிபோனது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கார்னிவல் புரூக்ளினுக்கு இடம் மாறியது. டிரினிடாடிலிருந்து வந்த கார்லோஸ் லெசாமா பல ஆண்டுகள் அதை முன்நின்று நடத்தினார்.

மியூசியத்தின் இந்தக் கட்டடம் 1897-லிருந்து இருக்கிறது. பெரிய தூண்களும் கோபுரக் கூரையுமாக, வெளியில் நிற்பவரை 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்பதுபோல் இருந்த கட்டடம். எதிர்த் தெருவில் குடியிருந்தும் உள்ளே வராதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இலவச மாலையின் பெரிய சாதனை, அந்த வாசற்படியை அவர்களுடையதாக ஆக்கியதுதான். பாட்டியும் பேத்தியும் கைகோத்துப் படி ஏறுவதை அங்கே நின்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஸ்டீல்பேன் என்கிறார்களே, அது என்ன வாத்தியம்?

எண்ணெய் டிரம்மில் செய்த வாத்தியம். இந்த மாலையில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

டிரினிடாடை ஆண்ட பிரிட்டிஷாருக்கு, விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் இரவில் தீப்பந்தம் ஏந்தி, முரசடித்து ஊர்வலம் போவது பிடிக்கவில்லை. 1881 கார்னிவலில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத் தெருவில் போலீசுக்கும் ஊர்வலக்காரர்களுக்கும் பெரிய மோதல் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தோல் முரசுக்குத் தடை வந்தது. முரசைப் பிடுங்கியதும் மக்கள் மூங்கிலை வெட்டி, வெவ்வேறு நீளத்துக்கு நறுக்கி, தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930-களில் மூங்கிலோடு பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி எல்லாம் சேர்ந்தன. தகரத்தில் அடிபட்டுக் குழிந்த இடமும் புடைத்த இடமும் வேறு வேறு சுரம் தருவதை லாவென்டில் போன்ற ஏழைக் குடியிருப்புகளின் இளைஞர்கள் கவனித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கார்னிவலுக்கே தடை இருந்தது. போர் முடிந்த 1945-ல் அவர்கள் தெருவில் இறங்கியபோது தகரம் மெட்டுப் பாட ஆரம்பித்திருந்தது. அப்புறம் எல்லி மானெட் போன்றவர்கள் 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் பிடிக்கும் எண்ணெய் டிரம்முக்கு மாறினார்கள். டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் நாடு, டிரம்முக்குப் பஞ்சமில்லை.

டிரம்மின் அடித்தட்டைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணம்போல் குழிவாக்குவார்கள். சுரங்களுக்கான இடங்களைக் குறித்து, நெருப்பில் காய்ச்சி, மறுபடியும் சுத்தியலாலேயே சுருதி சேர்ப்பார்கள். உயர்ந்த சுரம் பாடும் பேன் ஒற்றை டிரம். கீழ்ச்சுரத்துக்கு ஒருவரைச் சுற்றி ஆறு, ஒன்பது டிரம்கள்கூட நிற்கும். அவர் நடுவில் நின்று திரும்பித் திரும்பி வாசிப்பார். 1951-ல் டிரினிடாட் குழு ஒன்று லண்டன் விழாவுக்குப் போய் வாசித்தபோது, துருப்பிடித்த பீப்பாய்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இன்று அது அந்த நாட்டின் தேசிய வாத்தியம். ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2023-ல் அறிவித்தது.

ஒரு யோசனை: குழு வாசிக்கும்போது மேடைக்கு நேர் எதிரே நிற்காமல், கொஞ்சம் பக்கவாட்டில், கீழ்ச்சுர டிரம்கள் இருக்கும் பக்கமாக நில்லுங்கள். நெஞ்சுக்குள் அந்த அதிர்வு தெரியும்.

கலிப்சோ, சோகா, ரெகே, கொம்பா... எல்லாம் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. அங்கே யாரிடமும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்!

கலிப்சோ டிரினிடாடின் பாட்டு. அரசியல், ஊர்வம்பு, விலைவாசி எல்லாவற்றையும் வார்த்தை விளையாட்டோடு பாடுவார்கள். இரண்டு பாடகர்கள் மேடையில் அந்தக் கணத்தில் வரி கட்டி ஒருவரையொருவர் மடக்கும் வகையும் உண்டு. நம் லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மோதுவதைக் கேட்டவர்களுக்கு உடனே பிடித்துவிடும். சோகா 1970-களில் பிறந்தது. லார்ட் ஷார்ட்டி என்ற கலிப்சோ பாடகர், தன் ஊரில் இந்திய வம்சாவளியினர் வாசித்த டோலக்கின் நடையைக் கலிப்சோவோடு சேர்த்தார். இந்திய இசையைக் கேலி செய்கிறார் என்று ஒரு பக்கமும், கலிப்சோவைக் கெடுக்கிறார் என்று மறுபக்கமும் திட்டினார்கள். இன்று சோகா இல்லாமல் கார்னிவலே கிடையாது.

ரெகே ஜமைக்காவுக்குச் சொந்தம். 2018-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கொம்பா ஹைட்டியின் ஜோடி நடன இசை. 1955-ல் நெமூர் ழான் பட்டீஸ்ட் அதற்கு உருவம் கொடுத்தார்.

மாடியில் எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

அகோஸ்தினோ புரூனியாஸ் என்ற ஓவியரின் படம் ஒன்று இந்த மியூசியத்திடம் இருக்கிறது. ரோமில் பிறந்தவர், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டொமினிக்கா தீவில் வாழ்ந்தவர். அந்தப் படத்தில், கலப்பின வம்சத்தைச் சேர்ந்த, அடிமை அல்லாத இரண்டு பெண்கள் நல்ல உடை அணிந்து, தங்கள் அம்மாவோடும் குழந்தைகளோடும் கரும்புத் தோட்டத்தில் உலாவுகிறார்கள். சுற்றிலும் ஆப்பிரிக்கப் பணியாட்கள். பார்க்க அவ்வளவு அழகு. வெயில், காற்று, சிரிப்பு.

ஆனால் கரும்பு எங்கே? வெட்டுபவர் எங்கே? சாறு காய்ச்சும் கொப்பரை எங்கே? புரூனியாஸுக்குப் படி அளந்தவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும். தீவு வாழ்க்கை இனிமையானது என்று காட்டும் ஓவியம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, கீழேயிருந்து வரும் ஸ்டீல்பேன் ஓசையைக் கேளுங்கள். ஓவியத்தில் பணியாட்களாக நிறுத்தப்பட்டவர்களின் வாரிசுகள் வாசிப்பது அது. இந்த இரண்டையும் ஒரே கட்டடத்தில், ஒரே மாலையில் தருவதற்காகவே இந்த நிகழ்ச்சியை நான் மதிக்கிறேன். படங்களை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள் என்பதால், அது காட்சியில் இருக்கிறதா என்று முதலில் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

ழான்-மிஷெல் பாஸ்கியாவின் பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960-ல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஹைட்டி, அம்மா புவெர்ட்டோ ரிக்கோ வம்சம். ஆறு வயதில் அம்மா அவரை இந்த மியூசியத்தில் சிறுவர் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். 27 வயதில் இறந்துபோனார். 2005-ல் இதே மியூசியம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கதையை வழியில் சொல்லிக்கொண்டே போகலாம்.

இதில் நமக்கு, தமிழருக்கு, ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. புரூனியாஸின் ஓவியங்களில் பெண்களின் தலைக்கட்டைப் பாருங்கள். கட்டம் போட்ட பருத்தித் துணி சென்னைப் பகுதியிலிருந்து கப்பலேறி, கரீபியன் முழுக்கப் பரவியது. செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் மரபு உடையில் இன்றைக்கும் அதுதான் அடையாளம். பெயரும் 'மெட்ராஸ்' என்றே. தலைக்கட்டின் நுனியை ஒன்றாகவோ இரண்டாகவோ மூன்றாகவோ நிறுத்துவதை வைத்து, கட்டியவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று சொல்லிவிடலாம் என்பார்கள். கொண்டாட்ட மாலைகளில் இந்தத் துணி கண்ணில் படாமல் இருக்காது.

துணிக்குப் பின்னால் மனிதர்களும் போனார்கள். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கின. முழு விடுதலை வருவதற்கு மூன்று மாதம் முன்பே, அடிமைகளுக்கு மாற்று ஆட்கள் வந்துவிட்டார்கள். 1917 வரை கயானாவுக்கு மட்டும் சுமார் 2,39,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன பீகார், உத்தரப் பிரதேச மக்கள். சென்னையிலிருந்து போனவர்கள் சிறு பகுதிதான். ஆனால் கயானாவின் காளியம்மன், மாரியம்மன் வழிபாடும் அங்கே அடிக்கும் தப்பும் அவர்களுடையவை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் குடியேறிய கயானாக்காரர்கள் இங்கேயும் மாரியம்மனுக்குக் கோயில் வைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் போனவர்களில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்ற தமிழர்கள் ஏராளம். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904-ல் தொடங்கிய வழக்கை 1923 வரை விடாமல் நடத்தி வென்றார்.

ஒன்றை மட்டும் அக்கறையோடு சொல்ல வேண்டும். இந்தத் தொடர்பைக் கண்டு மகிழலாம்; ஆனால் 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று யாரிடமும் பேசத் தொடங்காதீர்கள். இந்த மாலையின் அடித்தளம் ஆப்பிரிக்க அடிமைகளின் வாழ்வும் அவர்கள் போராடிப் பெற்ற விடுதலையும். நம் முன்னோர் அந்தக் கதைக்குள் பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

உள்ளே மாதத்துக்கு மாதம் மாறும், வரிசையும் நீளம். சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது. நோஸ்ட்ராண்ட் அவென்யூ, ஃபிளாட்புஷ் அவென்யூ இரண்டிலும் கடைகளுக்குக் குறைவில்லை.

சைவர்களுக்கு என் முதல் பரிந்துரை டபுள்ஸ். மஞ்சள் சேர்த்துப் பொரித்த மெத்தென்ற இரண்டு பரா ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, காரம். 1936-ல் டிரினிடாடின் பிரின்சஸ் டவுனில் எமமூல் தீன் குடும்பம் விற்கத் தொடங்கியது. புரூக்ளினில் ஃபுல்டன் தெருவில் இருக்கும் ஏ அண்ட் ஏ கடை, 2019-ல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றது. கையில் வாங்கி நின்றபடியே சாப்பிட வேண்டிய பண்டம். தால்பூரி ரொட்டியும் நல்லது. உள்ளே வேகவைத்து அரைத்த பருப்பு இருக்கும்.

'மிளகாய் போடவா?' என்று கேட்டால் முதல் தடவை கொஞ்சமாகவே போடச் சொல்லுங்கள். ஸ்காட்ச் பானெட் மிளகாய் ஆந்திரக் காரத்துக்குப் பழகியவரையும் அழவைக்கும். குடிக்கச் செம்பருத்தி இனத்துப் பூவில் இஞ்சி போட்டுச் செய்யும் சோரல் கேளுங்கள்.

எனக்கு ஆடத் தெரியாது. சும்மா நின்றால் தப்பா?

தப்பில்லை. தாளத்துக்குத் தலையாட்டினாலே போதும். நிகழ்ச்சியில் நடனம் கற்றுக்கொடுக்கும் நேரம் இருந்தால் கூச்சப்படாமல் சேருங்கள். எழுபது வயது அம்மாக்கள் முன்வரிசையில் இருப்பார்கள். சோகாவுக்கு இடுப்பை நன்றாக அசைத்து ஆடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் திக்கென்று இருக்கலாம். அது அவர்களின் ஆட்ட மரபு. யாரையும் தொட்டு ஆடுவதற்கு முன் சம்மதம் கேளுங்கள். யாராவது உங்களை அழைத்து, விருப்பமில்லை என்றால் சிரித்துக் கையசைத்தால் போதும். ஆடுபவர்களை அருகில் போய்ப் படம் எடுப்பதற்கு முன்பும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளையும் அப்பா அம்மாவையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. 5 மணிக்கே போய்விடுங்கள். கைவேலைப் பட்டறைகள் முன்னேரத்தில்தான் நடக்கும், இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். கூட்டம் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில் ஓவியங்களையும் பார்த்து முடித்துவிடலாம். எட்டு மணிக்கு மேல் சத்தமும் நெரிசலும் அதிகம். சின்னக் குழந்தைகளுக்குச் சிரமம். லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலியோடு போகலாம்.

எப்படிப் போவது?

சப்வேயில் 2 அல்லது 3 எண் ரயில், மியூசியம் பெயரிலேயே நிலையம். வெளியே வந்தால் எதிரே கட்டடம். வார இறுதியில் தண்டவாள வேலை நடக்கும், தடம் மாறும். கிளம்பும் முன் பாருங்கள். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே மாலை போய்விடும். பெரிய பைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை வர முடியவில்லை என்றால்?

ஆகஸ்ட் முழுக்கக் கிரவுன் ஹைட்ஸ், கிழக்கு ஃபிளாட்புஷ் பகுதிகளில் ஸ்டீல்பேன் குழுக்கள் திறந்த வெளிகளில் இரவில் ஒத்திகை பார்க்கும். அந்த இடங்களைப் பேன்யார்டு என்பார்கள். போய் ஓரமாக நின்று கேட்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப, பெரும்பாலும் தாளில் எழுதிய சுரம் இல்லாமல், காதாலேயே கற்பதைப் பார்ப்பது மேடை நிகழ்ச்சியைவிட நல்ல பாடம் என்பேன்.

லண்டனில் இருப்பவர்கள் வெஸ்ட் இந்தியா கீயில் உள்ள டாக்லாண்ட்ஸ் மியூசியத்துக்குப் போங்கள். அதுவும் இலவசம். கரீபியச் சர்க்கரையைச் சேமிக்க 1800-களின் தொடக்கத்தில் கட்டிய கிடங்கிலேயே அந்த மியூசியம் இருக்கிறது. லண்டனையும் சர்க்கரையையும் அடிமை முறையையும் பற்றிய நிரந்தரக் காட்சியை 2007-ல் திறந்தார்கள். வாசலில் நின்ற, அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய ராபர்ட் மில்லிகனின் சிலையை 2020 ஜூனில் அகற்றிவிட்டார்கள். கேனரி வார்ஃப் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.